கையொப்பமும் கலைப்பண்டமும்: புகைப்படப் பிரதிகள் பற்றிய ஒரு நோக்கு

ஓவியன் தன் ஓவியத்தின் மூலையில் ஒப்பமிடுவதை நாம் இயல்பானதாகவே கொள்கிறோம். அவ்வோவியம் உலகில் ஒன்றே உளது. ஆனால், ஒரே நெகற்றிவிலிருந்து எண்ணற்ற பிரதிகள் எடுக்கத்தக்க புகைப்படத்தில் இடப்படும் கையொப்பம் எதனை உறுதிப்படுத்துகின்றது? புகைப்படத்தில் மூலப்பிரதி எதுவென வினவுதல் பொருளற்றது என்று வால்ற்றர் பென்யமின் 1930களிலேயே சுட்டிக்காட்டினார். எனினும், காட்சிக்கும் விற்பனைக்கும் வரும் பிரதிகளிற் கையொப்பம் இன்று ஏறத்தாழ ஒரு நியதியாகிவிட்டது. இம்முரண்பாடே இங்கு எமது கவனத்துக்குரியது.

இவ்வழக்கம் அச்சோவியத் துறையிலிருந்து வந்ததாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஸ்லர் முதலியோர் உலோகத் தகட்டிலிருந்து எடுத்த பிரதிகளிற் பென்சிலால் ஒப்பமிட்டனர். புகைப்படக் கலைஞரும் இதனைப் பின்பற்றினர். பிரதியின் வெள்ளை விளிம்பிலோ அது ஒட்டப்பட்ட அட்டையிலோ வலப்புறம் பெயரும், இடப்புறம் 3/25 என்றாற்போன்ற எண்ணும் எழுதப்படும். இருபத்தைந்து பிரதிகளுள் இது மூன்றாவது என்பது அதன் பொருள். படத்தின் பார்வை குலையுமெனப் பின்புறத்தில் எழுதுவோரும் உளர்.

இவ்விரு குறிகளும் ஒரே தன்மையின அல்ல. கையொப்பம் உழைப்புக்குப் பொறுப்பேற்கலாம்; எண்ணோ பெரும்பாலும் அருமையை உற்பத்தி செய்கின்றது. 1941இல் அன்சல் அடம்ஸ் நியூ மெக்சிக்கோவில் எடுத்த நிலவுதயப் படத்திலிருந்து அவர் காலத்தில் 1,300க்கு மேற்பட்ட பிரதிகள் அச்சிடப்பட்டன. இருட்டறையில் வானத்தை எவ்வளவு கருமையாக்குவது என்பதை அவர் ஆண்டுதோறும் மாற்றிவந்தார். அட்டையில் அவர் இட்ட ஒப்பம் அவ்வுழைப்பின் சான்றாகும். ஆயினும், 1948இல் அச்சிட்ட பிரதியொன்று 2006இல் நியூயோர்க் ஏலத்தில் 609,600 டொலருக்கு விலைபோனபோது, சந்தை மதித்தது உழைப்பை மாத்திரமன்று. பிற பிரதிகளிலிருந்து அதனைப் பிரித்துக்காட்டிய அருமையையுமேயாம்.

எட்வேட் வெஸ்ரனின் நெகற்றிவ்களிலிருந்து அவர் மகன் கோல் எடுத்த பிரதிகள் பிறிதொரு வழியைக் காட்டுகின்றன. நெகற்றிவ் தந்தையுடையது, பிரதி மகனுடையது என்று அவற்றின் பின்புறம் தெளிவாகக் கூறும். இங்கு ஒப்பம் உழைப்பைப் பிரித்துணர்த்துகின்றதேயன்றி மறைக்கவில்லை.

லூயிஸ் ஹைனின் வரலாறு இவ்விடயத்தின் கொடிய பக்கத்தை வெளிப்படுத்துகின்றது. 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரைப் படம்பிடித்த அவர், 1940இல் வறுமையில் மறைந்தார். அவர் வாழ்நாளில் அச்சிடப்பட்டவையென உயர்விலைக்கு விற்கப்பட்ட சில பிரதிகளின் தாளில், 1950களின் பின்னரே வழக்குக்கு வந்த வெண்மையூட்டும் இரசாயனம் இருந்தமை 1990களின் இறுதியிற் கண்டறியப்பட்டது. உண்மையைக் கூறியது முன்பக்க அழகன்று, தாளே.

ஆனால், ஹைன் தம் படங்களோடு எழுதியவை வேறு: சிறுவரின் பெயர், வயது, தொழிலிடம். அவ்வெழுத்து விலையை ஏற்றுவதற்கன்று, சட்டத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது. படைப்பாளியின் பெயரைத் தேடிக் காணும் சேகரிப்பாளர், படத்திலுள்ளவரின் பெயரைத் தேடுவது அரிது.

ஆகவே, கையொப்பத்தையே நாம் நிராகரிக்க வேண்டியதில்லை, கலைஞனும் உழைத்துண்பவனே. யார் எடுத்தார், யார் அச்சிட்டார், எவ்வாண்டில், எத்தனை பிரதிகள், படத்திலிருப்பவர் யார் என்பவற்றைக் கூறும் ஒப்பமே நேர்மையானது என்பதே எமது முடிபு. இவற்றை மறைத்துப் பெயரை மட்டும் மின்னவைக்கும் ஒப்பம் வெறும் விலைச்சீட்டேயாம்.