சி. வி. ராமன், ஹெல்ம்ஹோல்ட்ஸ், என் கண்: சில குறிப்புகள்

உளவியல் வரலாறு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே ஃப்ராய்டு வந்துவிடுவார். சோபா, கனவு, சின்ன வயசு ஞாபகம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலமாக இதையொட்டிப் படித்துப் பார்த்ததில், ஃப்ராய்டுக்கு ஒரு தலைமுறை முன்னாலேயே இந்தத் துறை தவளைக் காலிலும் வயலின் நரம்பிலும் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. அந்தத் தொடக்கத்தோடு நம்ம திருவானைக்கோவிலில் 1888-ல் தன் தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்த ஒருவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு: சர் சி. வி. ராமன்.

ராமனை நமக்கு இயற்பியல்காரராகத்தான் தெரியும். ஆனால் 80 வயதை நெருங்கும்போது, 1968-ல், அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பார்வையின் உடலியல்'. நாம் நிறங்களை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் அதன் கேள்வி. அதில் ராமன் தவறிவிட்டார் என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. பெரியவர், வயசாகிவிட்டது, விட்டுவிடுவோம் என்று மரியாதையாக நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அப்படி நகர முடியவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

என் கதை, சுருக்கமாக

பி.இ. முதல் வருஷம், எலக்ட்ரானிக்ஸ் லேப். ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் இருக்கும் நிற வளையங்களை வைத்துப் படிக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். கடைசி வளையம் மட்டும் பச்சையாக இருந்தால் 10 லட்சம் ஓம். நான் போட்ட சர்க்யூட் மூன்று வாரமும் வேலை செய்யவில்லை. கவனக்குறைவு என்று லேப் நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன். ரெண்டு வருஷம் கழித்து ஒரு மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியான வட்டப் படத்தைக் காட்டி உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள். எண்ணே இல்லையே என்றேன். சிவப்பு, பச்சை நிறக்குறைபாடு. அம்மாவிடம் சொன்னபோது, "உங்க தாத்தாவும் பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் தொட்டுப் பாத்துத்தான் பிரிப்பார்" என்றார்.

பத்தொன்பது வயசு வரைக்கும் என் கண்ணில் குறை இருப்பது எனக்குத் தெரியாது. என் கண்ணை வைத்தே என் கண்ணை நான் எப்படிச் சோதிக்க முடியும்? இந்தக் கேள்வியோடுதான் ராமனின் புத்தகத்தைப் படித்தேன்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821–1894) ஜெர்மானியர், படிப்பால் மருத்துவர். நரம்பு வழியாகச் செய்தி போகிற வேகத்தை ஒருநாளும் அளக்க முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் மூல்லர் நினைத்தார். 1850-ல் தவளையின் நரம்பில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை அளந்தே காட்டினார். வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். காற்றில் ஒலி போகும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! எங்கள் தொழிலில் லேட்டன்சி என்று சொல்வோமே, அது மனசுக்கும் உண்டு என்று முதல் தடவையாகத் தெரிந்தது. எண்ணம், உணர்வு எல்லாம் கடிகாரத்துக்குள் வந்துவிட்டன.

அவருடைய இன்னொரு பங்களிப்பு இன்னும் ஆழமானது. திருச்சி ஜங்ஷனில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்து ரயில் கிளம்புகிறது, நம்ம ரயில்தான் கிளம்பிவிட்டது என்று தோன்றுகிறது. கண் பார்த்தது அசைவு மட்டும்தான். யார் அசைகிறார்கள் என்பதை நமக்குத் தெரியாமலேயே மனசு ஊகித்துவிடுகிறது. இதை 'தன்னறிவில்லாத ஊகம்' என்ற பொருளில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரிட்டார். நாம் பார்ப்பதாக நினைப்பதில் பாதி பார்த்தது, பாதி ஊகித்தது. எது எது என்று உள்ளே இருந்து பார்க்கிறவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஹைடல்பெர்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தவர் வில்ஹெல்ம் வுன்ட். இவர்தான் 1879-ல் லைப்சிக்கில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்தவர். பாடப்புத்தகங்கள் உளவியலின் பிறந்த வருஷமாகச் சொல்வது இதைத்தான்.

ராமன் கைக்கு வந்த புத்தகம்

தன்னைப் பாதித்த புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது ராமன் மூன்றைச் சொல்லியிருக்கிறார். எட்வின் ஆர்னால்டு புத்தரைப் பற்றி எழுதிய காவியம், யூக்ளிடின் வடிவியல், மூன்றாவதாக ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் எழுதிய ஒலி உணர்வுகள் பற்றிய நூல். அப்பா சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். அந்த வீட்டுப் பையனுக்கு இப்படி ஒரு புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம்.

1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை வேலையில் சேர்ந்தார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் பௌபஜாரில் இருந்த அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில் பரிசோதனைகள். வயலின், ஏக்தாரா, பிறகு மிருதங்கம். சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று கணக்கில் சேராது, அதனால்தான் அது வெறும் 'டம்' என்று கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், சோறு என்பார்கள், அந்தக் கணக்கைச் சரிசெய்கிறது. 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து இதை எழுதினார். 1934-ல் தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவதைக் காட்டினார். எத்தனையோ தலைமுறையாகக் கையாலும் காதாலும் சோறு பூசியவர்களின் அறிவுக்கு ஒரு கணக்குச் சான்று அது. இன்றைக்கும் படிக்கச் சுவையான கட்டுரை.

ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் புத்தகத்துக்கு மூன்று பகுதிகள். மூன்றாம் பகுதியில் அவர், எந்தச் சுரவரிசை இனிமையானது என்பதை இயற்கை விதி மட்டும் தீர்மானிப்பதில்லை, பழக்கமும் ரசனையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன, அது காலத்துக்குக் காலம் மாறும் என்கிறார். அதாவது தோல் எப்படி அதிர்கிறது என்பதோடு கதை முடியவில்லை, கேட்கிற ஆள் என்ன செய்கிறார் என்பதும் இருக்கிறது. ராமனின் வாத்தியக் கட்டுரைகள் தோலோடும் நரம்போடும் நின்றுவிடுகின்றன. இயற்பியல்காரர் அங்கே நிற்பதில் தப்பே இல்லை. கேட்கிறவரைப் பற்றி, பார்க்கிறவரைப் பற்றிப் பேச வரும்போதுதான் அந்த விட்டுப்போன பகுதி தேவைப்படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. ராமன் 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அதே பல்கலைக்கழகத்தில்தான் இந்தியாவின் முதல் பரிசோதனை உளவியல் துறை தொடங்கியது. அதை நடத்திய நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹியூகோ மன்ஸ்டர்பெர்கிடம் படித்தவர். மன்ஸ்டர்பெர்க் வுன்டின் மாணவர். வுன்ட் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளர். ஒரே ஆசான், ஒன்று ஆள் வழியாக, இன்னொன்று புத்தகம் வழியாக, இரண்டு கிளையும் ஒரே ஊரில் வந்து சேர்ந்திருக்கின்றன.

1968-ன் புத்தகம்

சரி, விஷயத்துக்கு வருவோம். கண்ணில் மூன்று வகை உணரிகள் இருக்கின்றன, அவற்றின் கலப்பில்தான் எல்லா நிறமும் பிறக்கிறது என்று 1800-களின் தொடக்கத்தில் தாமஸ் யங் சொன்னார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை வளர்த்தெடுத்தார். தன் இளமைக்கால ஆசானின் இந்தக் கொள்கையைத்தான் ராமன் முதுமையில் நிராகரிக்கிறார். ஆசானை மறுப்பது தப்பில்லை. எதை வைத்து மறுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அவருடைய முக்கியப் பரிசோதனை எளிமையானது, அழகானதும்கூட. ஒரு நிறக்கண்ணாடியைக் கண்முன் பிடித்து, வெளிச்சமான வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு கண்ணாடியைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். திரையில் ஒரு வடிவம் தோன்றும். தன் சொந்த விழித்திரையே பெரிதாகித் தெரிகிறது என்கிறார் ராமன். இப்படி நிறம் நிறமாக மாற்றிப் பார்த்து, கண்ணுக்குள் என்னென்ன நிறமிகள் இருக்கின்றன என்ற முடிவுக்கே போய்விடுகிறார்.

இடறுவது இங்கேதான். நிறக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பார்வையின் நடுவில் ஒரு புள்ளி தெரிவதை மாக்ஸ்வெல் 1850-களிலேயே கவனித்திருக்கிறார். தோற்றம் உண்மை. ஆனால் தோற்றத்திலிருந்து அதன் காரணத்துக்கு நேராகத் தாவ முடியாது. நடுவில் விழித்திரை, நரம்பு, மூளை என்று பல அடுக்கு இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். திரையில் தப்பான எண் வருகிறது என்பதை மட்டும் வைத்து டேட்டாபேஸில்தான் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா? ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படித் திறந்து பார்த்தும் ஆகிவிட்டிருந்தது. 1964-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், மனிதக் கண்ணிலும் குரங்கின் கண்ணிலும் இருந்து எடுத்த விழித்திரையில், தனித்தனிக் கூம்பு செல்மேல் ஒளிக்கற்றையைச் செலுத்தி அது எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று அளந்தன. மூன்று வகை கிடைத்தது. அதில் ஒரு குழுவில் இருந்த ஜார்ஜ் வால்டுக்கு, பார்வை நிறமிகள் பற்றிய ஆய்வுக்காக 1967-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ராமனின் புத்தகம் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

இது பழைய வழக்கு

ராமன் விழுந்த பள்ளம் உளவியலில் ஏற்கெனவே எல்லோரும் விழுந்து எழுந்த பள்ளம். தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்வதை அகநோக்கு என்பார்கள். இதில் உள்ள ஆபத்து வுன்டுக்கே தெரியும். அதனால் எளிய தூண்டல், பழகிய ஆட்கள், திரும்பத் திரும்பச் செய்துபார்ப்பது என்று கட்டுப்பாடுகள் வைத்தார். அப்படியும் அடுத்த தலைமுறையில் சண்டை வந்துவிட்டது. எண்ணங்களுக்குப் பின்னால் எப்போதும் மனப்படிமம் இருக்கிறது என்றது டிட்ச்னரின் ஆய்வுக்கூடம். படிமமே இல்லாத எண்ணமும் உண்டு என்றது ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் குழு. இரண்டு பக்கமும் பயிற்சி பெற்றவர்கள்தான், நேர்மையானவர்கள்தான். யார் சரி என்று முடிவு செய்ய வெளியே ஒரு அளவுகோல் இல்லை. 1913-ல் வாட்சன் வந்து அகநோக்கே வேண்டாம், நடத்தையை மட்டும் அளப்போம் என்று இன்னொரு கோடிக்குப் போனார்.

இந்த வரலாறு தெரிந்திருந்தால் ராமன் அந்தப் புத்தகத்தை அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பதுதான் என் வாதம். அவருக்கு இயற்பியல் போதாமல் போகவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்கள் வழியில் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்கிற கதைதான் அவர் கையில் இல்லை. எங்கள் தொழிலில் "என் மெஷின்ல ஓடுதே" என்று ஒரு பதில் உண்டு. எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் அது பதில் ஆகாது.

இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் ஜான் டால்டன், அணுக்கொள்கைக்காரர். பகலில் நீலமாகத் தெரிகிற ஜெரேனியம் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தனக்குச் சிவப்பாகத் தெரிவதையும் மற்றவர்களுக்கு அப்படி மாறாததையும் கவனித்து, 1794-ல் தன் நிறக்குறைபாட்டைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்பது அவருடைய விளக்கம். செத்த பிறகு என் கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844-ல் பார்த்தார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பத்திரமாக வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995-ல் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது, நடு அலைநீளத்துக்கான நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. டால்டனின் கவனிப்பு சரி, விளக்கம் தப்பு. அது தப்பு என்று அடுத்தவர் நிரூபிக்க ஒரு வழியையும் அவரே விட்டுப்போனார். ராமனின் புத்தகத்தில் நான் தேடியது இதைத்தான்.

ராமன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று நிறக் கொள்கை மட்டும் போதாது என்று நினைத்தது அவர் ஒருவர் இல்லை. மஞ்சளைப் பார்க்கும்போது அதில் சிவப்பும் பச்சையும் கலந்திருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லையே என்று 1870-களிலேயே எவால்ட் ஹெரிங் கேட்டார். சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம் என்று அவர் போட்ட கணக்கை 1957-ல் ஹர்விச்சும் ஜேம்சனும் அளந்து காட்டினார்கள். கூம்பு செல்லில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சரி, அதற்கு அடுத்த அடுக்கில் ஹெரிங் சரி. ராமனின் அதிருப்திக்கும் இதில் ஒரு இடம் இருந்தது. அவர் கொள்கையோடு சேர்த்து அளவீடுகளையும் தள்ளிவிட்டதுதான் பிரச்சினை.

எனக்கு இது ஏன் முக்கியம்? சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை 1986-ல் கண்டுபிடித்தார்கள். என் தாத்தாவிடமிருந்து அம்மா வழியாக எனக்கு ஏன் வந்தது, அம்மாவுக்கு ஏன் மிளகாய் சரியாகத் தெரிந்தது, எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்கிறது. அந்த லேப் நோட்டில் எழுதிய 'கவனக்குறைவு' தப்பு என்பதற்கும்.

என் எக்ஸ் இப்போது மகளிடம் இருக்கிறது. அவளுக்குப் பாதிப்பு இல்லை. போன மாதம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று, வெளிச்சம் மங்க மங்க எந்த நிறம் முதலில் கறுத்துப்போகிறது என்று ரெண்டு பேரும் தனித்தனிச் சீட்டில் குறித்தோம். மங்கலில் சிவப்பு முதலில் போகும் என்று 1820-களில் புர்கின்யே எழுதியிருக்கிறார், அவரும் தன் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார். எங்கள் சீட்டுகள் பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை. "உன்னோடது தப்பு அப்பா" என்றாள். யாரோடது தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவையும் பாட்டியையும் கூட்டிட்டு வந்து எழுதச் சொல்லலாம், நம்ம சீட்ட அவங்களுக்குக் காட்டக் கூடாது" என்றாள். அடுத்த ஞாயிறு அப்படியே செய்வதாக இருக்கிறோம்.