பேயுடம்பும் நடுங்கும் கையும்

காரைக்கால் திருவிழா மாங்கனியின் பெயரில் நடக்கிறது. சேக்கிழார் கதையிலோ அழகு உடம்பை உதறிப் பேயுரு கொண்ட பிறகுதான் அம்மையாரின் பாட்டே பிறக்கிறது. மாறிய உடம்பை நாம் பார்க்க மறுக்கிறோம்.

1946இல் ராட்டையருகே காந்தியைப் படமெடுத்த மார்கரெட் பூர்க்-வைட்டையும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். 1950களில் அவருக்குப் பார்க்கின்சன் நோய், 1959இல் மூளையில் அறுவை, 1963இல் தன்வரலாறு. 'மனவுறுதி வென்றது' என்கிறார்கள். இல்லை, 1971இல் சாகும்வரை நோய் விடவில்லை. காமிரா பிடித்த கை இறுகியது, எழுத்து வந்தது. உடம்போடு வேலையும் மாறியது, அதுதான் தொடர்ச்சி.

மாறிக்கொள்ள அவருக்குப் பேரும் 'லைஃப்' பத்திரிகையும் இருந்தன. நம்ம வயலில் நாற்று நடுகிற கை நடுங்கினால்? 'நாளையிலேர்ந்து வராதே', அவ்வளவுதான். மனவுறுதியைப் புகழும் விமர்சனம் மறைப்பது இந்தக் கூலிக் கணக்கைத்தான்.