பேப்பூர்ப் பலகையும் வல்வெட்டித்துறைக் கயிறும்

எச்.எம்.எஸ். ட்ரிங்கோமாலி என்ற பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பெயர் திருகோணமலையினுடையது, மரமோ மலபார்த் தேக்கு. பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் கட்டி 1817 அக்டோபரில் கடலில் இறக்கினார்கள். பார்சி மரபுப்படி ஏராவில், அதாவது அடிமரத்தில், வெள்ளி ஆணி அடித்த கப்பல் அது. அதன் சிறிய மரவடிவம் மூன்று ஆண்டுகளாக என் மேசைமேல் வளர்கிறது. அதற்கு யோசனை கேட்டு மலபார்க் கரைக்கும் இலங்கைக் கரைக்கும் போனேன்.

கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில், சாலியாற்று முகத்துவாரத்தில், உரு என்னும் மரக்கப்பல் கட்டும் தச்சர்கள் சின்ன உருக்களும் செய்து விற்கிறார்கள். பெரிய உருவை வரைபடமில்லாமல் எழுப்புவது அவர்கள் மரபு. வெளிப்பலகைகள் முதலில் சேரும், வங்குகள் எனும் விலாச்சட்டங்கள் பிறகுதான் உள்ளே ஏறும். பெட்டியில் வாங்கிய என் கப்பலுக்கு முறை தலைகீழ்: ஏராவில் வங்குகளை நிறுத்திவிட்டு மேலே பலகை ஒட்ட வேண்டும். முன்பக்கமான அணியத்தின் வளைவில் எனக்கு இரண்டு முறை பலகை பிளந்தது. ஒரு தச்சர் அதைத் தடவிப் பார்த்தார். முனைக்குப் போகப் போக அகலத்தைச் சீவிக் குறைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அவரே ஒரு பலகையை வளைத்துக் காட்டினார். அவர் செய்த உருவில் பலகைகளுக்கு நடுவே நகம் இறங்காது. எண்ணெய் பூசிய தேக்கின் ரேகையே அதற்கு அழகு, வண்ணம் தேவையில்லை. கயிறுகள் மட்டும் பெயருக்குக் கட்டியவை. உருக்கள் எஞ்சினுக்கு மாறிய பிறகு பாய்மரம் அங்கே அலங்காரமாகிவிட்டது.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நிலைமை வேறு. அங்கே வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பின், வல்வெட்டித்துறையாரே மாலுமிகளாக நிற்க, 1938இல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டரைப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல் இன்று இல்லை. பழைய கடலோடி ஒருவர் அதை நினைவிலிருந்து செய்து வைத்திருக்கிறார். உடல் சற்றுப் பருத்திருக்கிறது, பச்சை வண்ணமும் தடிப்பு. ஆனால் கயிற்றை இழுத்தால் பாய் தொங்கும் குறுக்குமரமான பருமல் திரும்புகிறது! என் கப்பலின் படத்தைப் பார்த்ததும் அவர் கேட்டார்: "தம்பி, காத்து எந்தப் பக்கத்தாலை வருது எண்டு யோசிச்சனீரோ? அதை முடிவெடுக்காமல் கயிறு கட்டாதையும்."

நான் யோசித்திருக்கவில்லை. கையேடு சொன்ன துளைகளில் நூலைக் கோத்திருந்தேன், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பேப்பூர்க்காரரின் கைநேர்த்தியைவிட இந்தக் கேள்வி பெரியது. உடல் பிசகினால் உப்புத்தாள் கொண்டு சரிக்கட்டலாம். கயிறு பிசகினால் அந்தக் கப்பல் எந்தக் காற்றிலும் ஓடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும்.

ஊர் திரும்பியதும் முன்பாய்மரத்துக் கயிறுகளை அறுத்தெறிந்தேன். இடப்புறத்துக் காற்று என்று முடிவாயிற்று. நூலைத் தேன்மெழுகில் உருவி உருவி மறுபடி கட்டுகிறேன். கீழ்ப்பருமல் இரண்டும் இப்போது திரும்புகின்றன.