நாள் பார்த்து வாங்கும் தங்கம்

அட்சய திருதியையன்று விடிந்ததுமே தியாகராய நகர் நகைக்கடைகளில் கூட்டம் நெரிகிறது. குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் வீட்டில் பொன் பெருகும் என்ற நம்பிக்கை அத்தனை பேரையும் அழைத்து வருகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ரொக்கமாக இருக்கும் பணம், வீட்டில் யார் கேட்டாலும் கரைந்துவிடும். நல்ல நாளில் வாங்கிய மோதிரத்தின் மேல் அவ்வளவு சுலபமாக யாரும் கைவைக்கமாட்டார்கள். வங்கிக் கணக்கில் நாலு காசு சேர்க்க முடியாத பெண்ணுக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு சொத்து. ஆஸ்பத்திரிச் செலவென்றால் அடகு வைத்த அன்றே பணம்.

ஆனால் நாள் முக்கியமாகிவிட்டால் விலை கேட்கும் வாய் அடைத்துப்போகிறது. 2024 மே 10 அட்சய திருதியை. அந்த ஒரே நாளில் தங்கம் விலை மூன்று முறை ஏறியது. வேறு நாளென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பியிருப்பார்கள். சேதாரக் கணக்கைப் பாருங்கள். கிராம் 9,000 ரூபாய், சேதாரம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிராம் மோதிரம் 18,000, சேதாரம் 2,700, இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி 621. ஆக 21,321 ரூபாய். அதே விலையில் மறுநாள் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. 3,321 ரூபாய் போயிற்று. எந்த நாளில் வாங்கினாலும் இந்த இழப்பு உண்டுதான். மற்ற நாளில் நாலு கடை ஏறி இறங்கிச் சேதாரத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுகிறவர்கள், அன்றைய நெரிசலில் பில்லைக்கூடப் படிப்பதில்லை.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. மரபில் இது தானத்துக்கு உரிய நாள். சித்திரை வெயிலில் தண்ணீர்க் குடம், விசிறி, தயிர்சாதம் கொடுப்பார்கள். ரிஷபதேவர் நெடுநாள் நோன்புக்குப் பின் கரும்புச்சாறு ஏற்ற நாள் என்று சமணர்கள் இன்றும் கரும்புச்சாறு அருந்தி நோன்பை முடிக்கிறார்கள். கொடுப்பதைப் பற்றிய இந்த நம்பிக்கையை வாங்குவதன் பக்கம் திருப்பியதில் நகைக்கடை விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. வட்டிக்குக் கடன் வாங்கித் தங்கம் எடுக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

நாளை விட மனமில்லாதவர்கள், சேதாரம் குறைவான அரை கிராம் காசோடு நிறுத்திக்கொள்ளலாம். நகை வேண்டுமென்றால் கூட்டமில்லாத ஒரு நாளில் போய், சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை முதலில் கேட்கட்டும்.