காலிடம் எதை ஒப்படைப்பது?

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் திருவிழா இரவுக்கு இசைக்குழு மேடையேறினால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் கிடைக்காது. அம்மன் பாட்டில் தொடங்கி இளையராஜா மெலடிக்குப் போய், அங்கிருந்து பைலாவுக்குத் தாவி, குத்துப் பாட்டில் வந்து முடியும். டிரம்ஸ்காரர் ஒரு ரோல் அடித்தாரென்றால் அடுத்த பாட்டு வந்துவிட்டது. கிட்டார்காரருக்கு ஒலியை மாற்ற அந்த ஒரு ரோல்தான் அவகாசம். இரண்டு கையும் கிட்டாரில் இருப்பதால் மாற்ற வேண்டியது கால். அதனால் டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசஸரை மதிப்பிடும்போது, உள்ளே எத்தனை ஆம்ப் மாடல் இருக்கிறது என்ற கணக்கைவிட, அதன் கால் சுவிட்சுகளை எப்படி அமைக்க முடியும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் இளைஞர்கள் பலர் வாரக்கணக்கில் ஒலியைச் செதுக்குகிறார்கள். சுவிட்சுகளோ கம்பனி வைத்து அனுப்பியபடியே கிடக்கின்றன.

கம்பனி வைத்து அனுப்பும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்: மேலே போக ஒரு சுவிட்ச், கீழே போக ஒரு சுவிட்ச், நடுவில் வரிசையாகப் பேட்சுகள், அதாவது சேமித்துவைத்த ஒலி அமைப்புகள். 1996இல் வந்த ஜூம் 505 இதற்கு நல்ல உதாரணம். இரண்டு சுவிட்ச், 24 பேட்ச். மலிவாகக் கிடைத்த அந்தச் சின்னப் பெட்டியின் வழியாக, ‘பாட்டுக்கு ஒரு பேட்ச்’ என்ற பழக்கமும் ஊர் ஊராகப் பரவியது. பெட்டிகள் எத்தனையோ மாறிவிட்டன, பழக்கம் மட்டும் போகவில்லை.

அதன் நன்மையை மறுக்க முடியாது. ஒரே அழுத்தில் ஆம்ப், கோரஸ், டிலே, சத்த அளவு எல்லாம் சேர்ந்து மாறும். பாட்டு வரிசை கடைசிவரை மாறாத அரங்க நிகழ்ச்சிக்கு இது பொருந்தும். தோட்டத்து மேடையில் வரிசை அப்படி நிற்பதில்லை. தோட்டத் தலைவர் ஒரு துண்டுக் காகிதத்தில் பாட்டைக் கேட்டு அனுப்புவார். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கினால் பாடகர் மெலடியை விட்டுவிட்டு நேரே ‘சுராங்கனி’க்குப் போவார். நாலாவது பேட்சிலிருந்து ஒன்பதாவதுக்குப் போக ஐந்து அழுத்து. நடுவே உள்ள நாலு பேட்சும் ஆளுக்கொரு சத்தத்தில் எட்டிப் பார்க்கும். ‘இளைய நிலா’வின் தெளிவான கம்பி ஒலிக்குப் பக்கத்தில் டிஸ்டார்ஷன் பேட்ச் ஒன்று இருந்துவிட்டால், தவறான ஒரே அழுத்து அந்தப் பாட்டையே கெடுத்துவிடும்.

இன்னொரு குறை ஓசையிலேயே தெரியும். பேட்ச் மாறும்போது பிராசஸர் பழைய எஃபெக்ட் வரிசையை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறது. அந்தக் கணத்தில் ஒலி அறுந்துபோகும், டிலேயின் வாலும் வெட்டுப்படும். விலையுயர்ந்த கருவிகளுக்கும் இதிலிருந்து சுலபமாகத் தப்ப முடியவில்லை. லைன் 6 நிறுவனத்தின் பெரிய ஹெலிக்ஸில் முந்திய பேட்சின் டிலே அடுத்த பேட்சுக்குள்ளும் ஒலிக்க வேண்டுமென்றால், இரண்டாவது சிக்னல் பாதையை அதற்கென்று விட்டுக்கொடுக்க வேண்டும். இடைவெளியே இல்லாத மெட்லி வாசிக்கும் மேடையில் இது சின்னக் குறை ஆகாது.

எதிர் முனையில் இருப்பது மேனுவல் முறை. பேட்ச் ஒன்றே, ஒரு சுவிட்சுக்கு ஒரு எஃபெக்ட். அழுத்தினால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். ஒலி அறுவதில்லை. தவறி அழுத்தினாலும் அதே சுவிட்சை இன்னொரு முறை அழுத்தினால் சரியாகிவிடும். எந்தச் சுவிட்ச் எதற்கு என்பது காலுக்குப் பழகிவிடுவதால் கண்ணால் தேட வேண்டியதும் இல்லை. ஆனால் கோரஸை அணைத்து, டிரைவைப் போட்டு, டிலேயையும் கூட்ட வேண்டுமென்றால் மூன்று அழுத்து. ஒரு டிரம் ரோலுக்குள் மூன்று சுவிட்சை மிதிப்பவர் கையில் தாளம் நிச்சயம் தள்ளாடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் ஸ்னாப்ஷாட். இந்த வசதி உள்ள லைன் 6இன் எச்எக்ஸ் ஸ்டாம்ப், 2018இல் வெளியான கையடக்கமான கருவி, மூன்றே சுவிட்ச். ஸ்னாப்ஷாட் பேட்சை மாற்றாமலே எந்த எஃபெக்ட் ஓட வேண்டும், எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரே அழுத்தில் மாற்றித் தரும். எதையும் புதிதாக ஏற்றாததால் ஒலி அறாது, டிலேயின் வாலும் தொடரும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான். ஆனால் மதிப்பீடு அத்தோடு முடியாது. 2022 நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதத்துக்குள் 360 வரை ஏறியது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்ததோ 2024இல்தான். அந்த வருமானத்தில் வளர்ந்த பிள்ளையிடம் ‘ஸ்னாப்ஷாட் உள்ளதை வாங்கு’ என்று சொல்வது திறனாய்வு ஆகாது. கையில் இருக்கும் கருவியில் அதே பயனை எப்படி எடுப்பது என்று காட்ட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1, 2016இல் வந்தது. 1.3 கிலோ எடை, நாலு பென்டோர்ச் பட்டரியிலும் ஓடும். மூன்று சுவிட்சும் ஒரு எக்ஸ்பிரஷன் பெடலும் அதில் உண்டு. அதன் மெனுவுக்குள் ‘அசைன்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒரே சுவிட்சுக்குப் பல வேலைகளை அங்கே கட்டிவைக்கலாம். சிடிஎல் சுவிட்சை அழுத்தினால் ஓவர்டிரைவ் வர வேண்டும், கோரஸ் போக வேண்டும், டிலே சற்று உயர வேண்டும் என்று மூன்று அசைனில் எழுதிவைத்தால், பேட்ச் மாறாமலே ஒலி முழுதாக மாறிவிடும். ஸ்னாப்ஷாட்டின் முக்கியப் பயன் இங்கேயே கிடைக்கிறது. எழுதிவைக்க ஒரு மாலை போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்தச் சுவிட்சுக்கு எதைக் கொடுப்பது? முதல் உரிமை தெளிவான ஒலிக்கும் டிரைவ் ஒலிக்கும் இடையேயான மாற்றத்துக்கு. இரண்டாவது, தனி வாசிப்புக்கான பூஸ்ட். இதை வரிசையில் டிரைவுக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் கூடுமே தவிரச் சத்தம் அவ்வளவாகக் கூடாது. தப்பும் டிரம்ஸும் முழங்கும் இடத்தில் சோலோ அமுங்கிப்போகும். மூன்றாவது, கோரஸ். பைலாவின் வெட்டி வாசிக்கும் தாளத்துக்கு அது வேண்டாம், மெலடிக்கு வேண்டும். டிலேயின் வேகத்தைக் காலால் தட்டி அமைக்கும் டாப் டெம்போவுக்கு இந்த மேடையில் நான் இடம் தர மாட்டேன். அந்த இரைச்சலில் டிலேயின் எதிரொலி தாளத்தோடு இம்மி பிசகாமல் விழுகிறதா என்று யார் காதுக்கும் கேட்காது. தேவாலயப் பாடல் குழுவில் வாசிப்பவருக்கு என் தீர்ப்பு வேறு. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் டாட்டட் எய்த் டிலே 375 மில்லிசெக்கனில் விழ வேண்டும். தாளம் கொஞ்சம் நகர்ந்தாலும் குழப்பம் தெரியும். அங்கே கோரஸை எடுத்துவிட்டு டாப்பை வையுங்கள்.

அழுத்திப் பிடித்தால் வேறு வேலை செய்யும் வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு சுவிட்சுக்குக் குறுகிய அழுத்து, நீண்ட அழுத்து என இரண்டு வேலை கொடுத்தால், பல கருவிகள் காலை எடுக்கும் வரை காத்திருந்துதான் முதல் வேலையைச் செய்யும். எந்த அழுத்து என்று அதற்கு முன் அவற்றால் முடிவுசெய்ய முடியாது. விளைவு, டிரைவ் ஒரு கணம் பிந்தி வரும். தாளத்தில் அழுத்த வேண்டிய சுவிட்சுக்கு இரட்டை வேலை கூடாது. ட்யூனரைப் போன்ற அவசரமில்லாதவற்றுக்கு அது போதும்.

கோயில் முற்றத்தில் மேடை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். எந்தக் கையேடும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 4,000 அடிக்கு மேலே, பனி இறங்கிய இரவில், விறைத்த வெறுங்காலுக்கு உருண்டையான இரும்புச் சுவிட்ச் கடினம். தட்டையான பெடல் வகை சுலபம். எக்ஸ்பிரஷன் பெடலின் நுனியில் இருக்கும் சுவிட்சை வெறுங்காலால் அழுத்துவதும் நிச்சயமில்லாத வேலை. விழ வேண்டிய நேரத்தில் விழாது, பெடலை நகர்த்தும்போது வேண்டாமல் விழுந்து வாவாவை எழுப்பிவிடும். ஆகவே நுனிச் சுவிட்சை மெனுவில் அணைத்துவிடுவது நல்லது. பெடலுக்கு வால்யூமை மட்டும் கொடுத்து, அதன் அடிமட்டத்தைப் பூச்சியத்தில் விடாமல் 60 அளவில் நிறுத்துங்கள். கால் தவறினாலும் கிட்டார் அடியோடு மௌனமாகாது.

வெளியே தனிச் சுவிட்ச் சேர்ப்பது பயனுள்ள செலவு. பாஸின் எஃப்எஸ்-6 போன்ற இரட்டைச் சுவிட்சை ஜிடி-1இன் பின்புறத் துளையில் செருகலாம். அந்த வயர் மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ வயராக இருக்க வேண்டும். கையில் கிடைத்த கிட்டார் வயரைப் போட்டால் ஒரு சுவிட்ச் செத்ததுபோல் கிடக்கும். மோனோ முனை இரண்டாவது தொடர்பை எர்த்தோடு இணைத்துவிடுவதால், அந்தச் சுவிட்சை யாரோ எப்போதும் மிதித்துக்கொண்டிருப்பதாகக் கருவி நினைக்கும். சுவிட்ச் பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் வயரின் முனையில் கறுப்பு வளையம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருக்க வேண்டும். சுவிட்சின் வகையையும் கவனியுங்கள். அழுத்தும்போது மட்டும் இணையும் மொமென்டரி வகைதான் என் தேர்வு. லாச்சிங் வகை தன் நிலையைத் தானே பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டர் நின்று கருவி மறுபடி எழும்போது சுவிட்ச் ஒரு நிலையிலும் பிராசஸர் வேறு நிலையிலும் இருந்தால், முதல் அழுத்து வீணாகும். பட்டரியும் உள்ளே இருந்தால் அந்தப் பிரச்சினையே பெரும்பாலும் எழாது. ஆம்ப் அணைந்தாலும் பிராசஸர் தன் நிலையை விடாமல் காத்திருக்கும்.

ஆக, மூன்று சுவிட்சோ அதற்கு மேலோ இருந்தால் ஒரே பேட்ச், மேனுவல் முறை, அசைனில் கட்டிய மாற்றங்கள். பாட்டுக்கு ஒரு பேட்ச் என்ற முறையை இந்த மேடைக்கு நான் முழுதாக நிராகரிக்கிறேன். ஜூம் ஜி1 ஃபோர் போல இரண்டே சுவிட்ச் உள்ள கருவி கையில் இருந்தால் தீர்ப்பைத் திருத்தியாக வேண்டும். அங்கே பேட்ச் முறைதான் கைகொடுக்கும், ஆனால் மூன்று பேட்ச் மட்டும். நடுவில் தெளிவான ஒலி, அதற்கு மேலே டிரைவ், கீழே கோரஸ் சேர்ந்த மெலடி ஒலி. மூன்றையும் ஒரே ஆம்பில், ஒரே இடத்தில் நின்று, சத்தத்தைச் சமமாக்கிச் சேமியுங்கள். தெளிவான ஒலியில் நிற்கும்போது மற்ற இரண்டும் ஓர் அழுத்தில் கிடைக்கும். எங்கே போனாலும் அதற்குத் திரும்ப ஓர் அழுத்துப் போதும். ஒலி அறுவது இருக்கத்தான் செய்யும். ரோல் முடிய ஒரு அடி இருக்கும்போது, கம்பிகளைக் கையால் அமர்த்திக்கொண்டு அழுத்தினால் டிரம்ஸின் சத்தம் அதை மூடிவிடும்.