ட்ரூயிட்டும் உலோகக் கவசமும்: ஒரு விதியின் மூன்று பொருள்கள்

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ், 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த பாத்திரமேற்பு விளையாட்டு. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அவர் என்ன செய்கிறார் என்று சொல்வார். அதன் விளைவை விதிநூலையும் பகடையையும் கொண்டு ஆட்ட நடத்துநர் முடிவு செய்வார். இயற்கையிலிருந்து மந்திர ஆற்றல் பெறும் ட்ரூயிட், இதிலுள்ள பாத்திர வகைகளுள் ஒன்று.

விதி

2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பின் கையேடு, ட்ரூயிட்டுக்குரிய கவசங்களைப் பட்டியலிடுகிறது. அங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு உண்டு. ட்ரூயிட்கள் உலோகக் கவசமோ கேடயமோ அணிவதில்லை என்பது அதன் கருத்து. அதில் வரும் ஆங்கிலச் சொல் 'வில் நாட்'. மீறி அணிந்தால் என்ன ஆகும் என்று நூல் சொல்லவில்லை.

இதன் பாதிப்பு சிறியதன்று. விலங்குத்தோல் கவசத்தின் அடிப்படைத் தற்காப்பு எண் 12. உலோகத் தகடுகள் கொண்ட அரைக்கவசத்துக்கு அது 15. 20 முகப் பகடையில் 3 எண் வேறுபாடு என்றால், எதிரியின் 100 தாக்குதல்களில் பொதுவாக 15 கூடுதலாகப் படும். கதைமாந்தரின் உயிரே இதில் அடங்கியிருக்கலாம்.

மூன்று வாசிப்புகள்

இக்குறிப்பைத் தமிழில் எழுத முனைந்தால் சிக்கல் தெளிவாகும். 'அணியக் கூடாது', 'அணிய முடியாது', 'அணிய மாட்டார்' என்னும் மூன்றில் எதை எழுதுவது?

'கூடாது' என்றால் அது தடை. தடைக்கு மீறலின் விளைவும் சொல்லப்பட வேண்டும். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அவ்வாறே சொன்னது: தடைசெய்யப்பட்ட கவசத்தை அணிந்திருக்கும்வரையும், கழற்றியபின் 24 மணி நேரமும் மந்திர ஆற்றல் செயல்படாது. 2014 நூலில் அத்தகைய வரி இல்லை.

'முடியாது' என்பதும் பொருந்தாது. அதே ட்ரூயிட் உலோக வாளையும் அரிவாளையும் ஏந்தலாம். எனவே உலோகம் அவருக்கு ஒவ்வாத பொருளன்று.

எஞ்சுவது 'மாட்டார்'. விளையாட்டை உருவாக்கியவர்களின் அதிகாரபூர்வ விளக்கமும் இதையே ஏற்கிறது. இது ட்ரூயிட்டின் விருப்பம். மீறினால் ஆட்டமுறை கெடாது, கதையின் இயல்புதான் கெடக்கூடும். இறுதி முடிவு நடத்துநருடையது என்று அது கூறுகிறது.

மதிப்பீடு

சொல்லளவில் இவ்விளக்கம் சரியானதே. ஆயினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. கதைமாந்தரின் விருப்பத்தை முடிவு செய்வது ஆடுபவரின் உரிமை. இவ்விதி அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதே நூலில் மந்திரவாதியைப் பற்றிய விதியோடு ஒப்பிடலாம். பயிற்சியில்லாத கவசத்தை அவர் அணியலாம். அணிந்தால் மந்திரம் ஏவ இயலாது. அங்கு விளைவை நூல் சொல்கிறது, தேர்வை ஆடுபவரிடம் விடுகிறது. மூன்றாம் பதிப்பின் விதி கடுமையானது எனினும், இவ்வகையில் அதுவே நேர்மையானது.

2024 பதிப்பு இக்குறிப்பை நீக்கிவிட்டது. ஐயம் தீர்ந்தது, ஆனால் ட்ரூயிட்டின் தனி அடையாளங்களுள் ஒன்றும் அதனுடன் போயிற்று. 2014 நூலை வைத்து ஆடுவோர் இன்னும் உண்டு. அவர்களின் நடத்துநர், மூன்றில் எந்தப் பொருளைக் கொள்கிறார் என்பதையும் மீறலின் விளைவையும் முதல் நாளிலேயே அறிவித்துவிடுவது நல்லது. உலோகக் கவசம் கைக்கு வந்தபின் விதிக்கப்படும் தடையை ஆடுபவர் தண்டனையாகவே கொள்வார்.