கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு தரிசனம்

லாட்ஜ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ‘பாத் அட்டாச்டு’ என்று போர்டு மாட்டிய கட்டடம், கவுன்ட்டரில் நீள நோட்டு, சாவியோடு தொங்கும் மரக்கட்டை. நான் சொல்ல வந்தது வேறு லாட்ஜ். ஃப்ரீமேசன்கள் கூடுகிற சபைக்கும் இதே பெயர்தான். சென்னையில் எத்திராஜ் சாலை வழியாகப் போயிருந்தால் ஃப்ரீமேசன்ஸ் ஹாலைத் தாண்டிப் போயிருப்பீர்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒரு விநாடி யோசித்திருப்பீர்கள். அதற்குள் சிக்னல் விழுந்திருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது ரகசியமே இல்லை. 1717-ல் லண்டனில் முதல் தலைமைச் சபை ஏற்பட்டது. 1730-லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்கு முழுவதையும் புத்தகமாக அச்சிட்டு விற்றுவிட்டார். புதிதாகச் சேர வருகிறவனின் கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் கயிறு. இடது மார்பைத் திறந்துவிட்டு, ஒரு கால் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடுவார்கள். காசு, கடிகாரம், மோதிரம் என்று உடம்பில் இருக்கிற உலோகத்தை எல்லாம் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். கதவில் மூன்று தட்டு. மார்பில் ஏதோ கூராகக் குத்தும். உறுதிமொழி. அப்புறம் கண்கட்டை அவிழ்த்து ‘வெளிச்சம்’ தருவார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது எனக்குப் பிடித்த கட்டம். ஆசாமியை ஒரு மூலையில் நிறுத்தி, ‘ஏழைகளுக்கு ஏதாவது கொடேன்’ என்று கேட்பார்கள். உலோகத்தை எல்லாம் முன்னமே பிடுங்கிக்கொண்டாயிற்றே! ஊரில் பெரிய மனுஷன், எல்லோர் முன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். இந்த நிலைமையை மறக்காதே, நாளைக்கு உன்னிடம் ஒருவன் கையேந்தும்போது நினைத்துக்கொள் என்று சொல்லி அனுப்புவார்கள். மூன்றாவது படியில் சாலமன் கோயிலின் தலைமைச் சிற்பி ஹைரம் கொலையாகிற கதையை நடிப்பார்கள். (பைபிளில் ஹைரம் உண்டு, கொலை கிடையாது.) செத்துப்போகிற பாத்திரம் புதியவனுக்குத்தான். கீழே படுக்க வைத்து, கடைசியில் கைபிடித்துத் தூக்கி நிறுத்துவார்கள்.

சடங்கு இவ்வளவுதான். படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம் போல இருக்கும். ஆனாலும் 300 வருஷமாகப் படித்தவர்கள், வக்கீல்கள், ராணுவ அதிகாரிகள், இசை மேதைகள் எல்லாம் அங்கே ஏதோ ஒன்று நடந்தது என்கிறார்கள். உள்ளே ஏதோ அசைந்தது, வேறு ஆளாக வெளியே வந்தேன் என்கிறார்கள். 1750-ல் லியோனில் சேர்ந்த காஸநோவா (ஆமாம், அதே காஸநோவாதான்) தன் வாழ்க்கைக் கதையில் இதைப் பற்றிக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொல்கிறார். இந்த ரகசியத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது, அவனவன் ஊகித்து அடைவதுதான், அதனால் அதை யாரும் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்று.

சொல்ல முடியாததைச் சொல்லப் போனவர்களில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடையாறுவாசி.

சி.டபிள்யூ.லெட்பீட்டர் ஆங்கிலிகன் பாதிரியாக இருந்து, பிரம்மஞான சபையில் சேர்ந்து, 1884-ல் அடையாறுக்கு வந்தவர். 1909-ல் அங்கே கடற்கரையில் சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தியைக் ‘கண்டுபிடித்தவர்’. பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் கோ-மேசன்ரி என்ற பிரிவில் அன்னி பெசன்ட் 1902-ல் பாரீஸில் சேர்ந்தார். லெட்பீட்டர் 1915-ல் சிட்னியில் சேர்ந்தார். 1926-ல் அடையாறிலிருந்து வெளிவந்தது அவருடைய ‘ஃப்ரீமேசன்ரியின் மறைவான வாழ்க்கை’. சடங்கின்போது ஞானக்கண்ணால் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கான கையேடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு நல்ல இடம் வருகிறது. முதன்முதலாக லாட்ஜுக்குள் நுழைந்து அதன் அமைப்பைப் பார்த்ததும், இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த இடமாயிற்றே என்று அவருக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் எனக்கும் அப்படி நேர்வதுண்டு. போகாத ஊரில் ஒரு தெருமுனை திரும்பும்போது சட்டென்று நிற்போம். அந்த உணர்வோடு அவர் விட்டிருந்தால் நானும் அவரோடு நின்றிருப்பேன். விடவில்லை. 6,000 வருஷத்துக்கு முன் ஒரு பிறவியில் எகிப்தில் பார்த்தது என்று உடனே ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

அதற்கப்புறம் புத்தகம் மின்வாரியத்தின் வயரிங் படம் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த அதிகாரி எழுந்து நின்றால் எந்த நிறத்தில் ஒளி, ஒவ்வொரு பதவிக்கும் எந்த தேவதை பிரதிநிதி, தலைக்கு மேலே என்ன உருவம் எழும்புகிறது! நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சியும் வைத்திருக்கிறார். முதல் படியில் இடகலை, இரண்டாவதில் பிங்கலை, மூன்றாவதில் சுழுமுனை. நம் சித்தர்கள் உயிரைக் கொடுத்துத் தேடின மூன்று நாடிகளையும் லண்டன் கிளப்பின் மூன்று மெம்பர்ஷிப் கார்டோடு பொருத்திவிட்டார். எதை எடுத்தாலும் எதனோடும் பொருந்துகிறது. எனக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். பொருந்தாத ஒரு சின்னத் துண்டாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

மனுஷன் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பக்கங்களில் ஒருவருக்கும் உடம்பு இல்லை. யாருக்கும் கால் மரத்துப்போகவில்லை, யாரும் வசனத்தை மறக்கவில்லை, ஒரு தும்மல் இல்லை. ‘இதெல்லாம் விளையாட்டோ’ என்று ஒரு கணம்கூட யாருக்கும் தோன்றவில்லை. (1929-ல், புத்தகம் வந்து மூன்றே வருஷத்தில், அவர் கண்டெடுத்த கிருஷ்ணமூர்த்தி தனக்காக அமைத்த சங்கத்தையே கலைத்துவிட்டு, எந்த அமைப்பும் யாரையும் உண்மையிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று கைகழுவிவிட்டார். பாவம் லெட்பீட்டர்.)

இதே காலத்தில் இங்கிலாந்தில் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற வக்கீல் 1922-ல் எழுதிய ‘மேசன்ரியின் பொருள்’ இதைவிட நிதானமான புத்தகம். சடங்கு என்பது ஆத்மா இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிற பாதையின் படம் என்கிறார். மரியாதையாகப் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்ட திருப்தி இருக்கும்.

அடுத்தவர் டால்ஸ்டாய். 1865-69-ல் வெளிவந்த, டி.எஸ்.சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழில் தந்த, அந்தத் தலையணை நாவல். முழுசாகப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். இந்தக் கட்டுரைக்கு, பியர் என்கிற கதாநாயகன் ஃப்ரீமேசன் ஆகிற சில அத்தியாயங்கள் போதும்.

வேடிக்கை என்னவென்றால் டால்ஸ்டாய் மேசன் இல்லை. லாட்ஜைப் பார்க்கவும் வாய்ப்பில்லை. ரஷ்யாவில் 1822-லேயே தடை போட்டுவிட்டார்கள், இவர் பிறந்ததோ 1828. 1866-ல் மாஸ்கோவில் ருமியான்ட்செவ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பழைய மேசன் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தார். படித்துவிட்டு மனைவிக்கு எழுதின கடிதத்தில், இதைப் படித்து மனசு கனத்துப்போனது, இவர்கள் எல்லாம் முட்டாள்களாக இருந்திருக்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்போடு எழுதின அத்தியாயங்கள் இவை!

பியர் பெரும் பணக்காரன், குண்டு, கண்ணாடி போட்டவன், கூச்சக்காரன். மனைவியின் காதலன் என்று ஊர் பேசுகிறவனோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவனைக் காயப்படுத்திவிட்டு, மனைவியைப் பிரிந்து, எதற்குத்தான் வாழ்கிறோம் என்று தெரியாமல் ஒரு தபால் வண்டி நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே ஒரு கிழவர் பேச்சுக் கொடுக்கிறார். கொஞ்ச நாளில் பீட்டர்ஸ்பர்க் லாட்ஜின் வாசலில் நிற்கிறான்.

கைக்குட்டையால் கண்ணைக் கட்டுகிறார்கள். முடிச்சில் முடி மாட்டி இழுத்து வலிக்கிறது. இந்த ஒரு தலைமுடிக்காகவே டால்ஸ்டாய் சொல்வதை நம்புகிறேன். அப்புறம் இருட்டு அறை, ஒற்றை விளக்கு, மண்டையோடு, சவப்பெட்டி. பியருக்குப் பயமில்லை, எதிர்பார்ப்புதான். கதவு திறந்து, உபதேசம் செய்ய ஒருவர் வருகிறார். பார்த்தால், தெரிந்த ஆள்! பியருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. முன்பின் தெரியாத மகானாக இருந்திருக்கக் கூடாதா? (கோயில் குருக்களை ரேஷன் கடை க்யூவில் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?) ஏழு நற்குணங்களை அந்த ஆள் வரிசையாகச் சொல்கிறார். ஏழாவது, மரணத்தை நேசிப்பது. பியர் மனசுக்குள் திருப்பிப் பார்த்தால், எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வருவதில்லை.

விலை உயர்ந்ததை எல்லாம் கொடு என்கிறார்கள். கடிகாரம், பர்ஸ் உடனே வந்துவிடுகின்றன. கல்யாண மோதிரம்தான் பருத்த விரலில் மாட்டிக்கொண்டு வெகு நேரம் வர மாட்டேன் என்கிறது. பிரிந்துபோன மனைவியின் மோதிரம் என்பதைக் கவனியுங்கள். டால்ஸ்டாய் அதை விளக்க மாட்டார். விரல் தடிமன் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மங்கலான வெளிச்சத்தில் கண்கட்டை ஒரு கணம் அவிழ்க்கும்போது, பல வாள்கள் பியரின் மார்பை நோக்கி நீட்டப்பட்டிருக்கின்றன. அவன் என்ன செய்கிறான்? பின்வாங்கவில்லை. குத்தட்டும் என்று நெஞ்சை முன்னால் கொண்டுபோகிறான். நாவல் முழுக்கத் தடுமாறுகிற மனிதன் வாள்முனையை நோக்கி நகர்கிறான். அந்த இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. இது நாடகம்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் பாதி தெரியும்.

அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள், முதலில் கரண்டி கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கிசுகிசுக்கிறார். கொத்தனார் கரண்டி, சின்னங்களில் ஒன்று. சும்மா இருமய்யா என்று இன்னொருவர் அடக்குகிறார். நடுவில் ஒரு கணம், ‘நான் எங்கே இருக்கிறேன், இவர்கள் என்னைக் கேலி செய்கிறார்களோ, பின்னால் நினைத்தால் வெட்கமாக இருக்குமோ’ என்று பியருக்கு உறைக்கிறது. ஒரே கணம். சுற்றிலும் இருக்கிற முகங்களில் அத்தனை தீவிரம். சந்தேகத்தைத் தள்ளிவிட்டு, முன்னைவிட அதிகமாகத் தன்னைக் கொடுத்துவிடுகிறான். வீட்டுக்குத் திரும்பும்போது, பல பத்து வருஷம் நீண்ட பயணம் போய் வந்தவன் மாதிரி இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இரண்டில் எது ஆன்மிக அனுபவம்? முடி இழுப்பதும் மோதிரம் மாட்டுவதும் கிசுகிசுப்பும் அனுபவத்தைக் கெடுத்துவிடவில்லை. அவை இருப்பதால்தான் வாளை நோக்கி நகர்கிற நெஞ்சை நம்ப முடிகிறது. லெட்பீட்டரின் லாட்ஜில் தேவதைகள் வேலை செய்கின்றன, மனிதர்கள் சும்மா நிற்கிறார்கள். டால்ஸ்டாயின் லாட்ஜில் தேவதை கிடையாது, வியர்வை உண்டு. வாரக் கடைசி தியான முகாமுக்குப் போய்வந்து ‘அப்படியே கரைஞ்சு போயிட்டேன் சார்’ என்று கண் மூடுகிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது, உட்கார்ந்த பாய் குத்தியதா என்று.

மொஸார்ட்டும் இந்த விஷயத்தில் டால்ஸ்டாய் கட்சி. 1784 டிசம்பரில் வியன்னாவில் லாட்ஜில் சேர்ந்தவர். சாவதற்குச் சில வாரம் முன்பு, 1791-ல் மேடையேறிய ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஆபராவில் தீட்சை, மௌன விரதம், நெருப்பு-நீர் சோதனை எல்லாம் வருகிறது. மேசன்களின் மூன்று தட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்று முறை முழங்குகிறது. கதாநாயகன் டமீனோ தேறிவிடுவான். கூடவே பபகேனோ என்று ஒரு பறவை பிடிக்கிறவன் வருவான். வாயை மூடவே தெரியாது. உனக்கு தெய்வீக ஆனந்தம் கிடைக்கவே போவதில்லை என்று குருக்கள் சொன்னதும், பரவாயில்லை, என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், இப்போதைக்கு ஒரு கிளாஸ் ஒயின் கிடைத்தால் போதும் என்கிறான். ஒயின் வந்துவிடுகிறது! தானே நம்பின சடங்கின் நடுவில் இப்படி ஒருவனை உலவவிட்டிருக்கிறார் மொஸார்ட்.

டால்ஸ்டாயிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பியரின் அனுபவத்துக்கு அவ்வளவு நியாயம் செய்தவர், மற்ற மேசன்களுக்குச் செய்யவில்லை. தீட்சை முடிந்த மறுநாள், சமாதானம் பேசவந்த அதிகார மாமனாரை பியர் வெளியே போகச் சொல்கிறான். ஆயுசில் முதல் தடவையாக ஒருவரை எதிர்க்கிறான். சடங்கு அதைச் செய்திருக்கிறது. பண்ணை அடிமைகளுக்கு நல்லது செய்யக் கிளம்புகிறான். காரியஸ்தர்கள் ஏமாற்றுகிறார்கள். அப்புறம் லாட்ஜில் பார்க்கிற இடமெல்லாம் வேஷம். மேசன் கவசத் துணிக்கு அடியில் பதவியும் பதக்கமும் தெரிகிறது. பணக்கார உறுப்பினர்கள் தர்மத்துக்குக் கடன் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரே அறையில் பியர் ஒருத்தன்தான் நெஞ்சைக் கொடுத்தான், மற்றவர்கள் எல்லாம் வெறும் அங்கிகள் என்பது எனக்கு ஒப்பவில்லை. சும்மா இருமய்யா என்று அடக்கினாரே, அவருக்கும் ஒரு முதல் ராத்திரி இருந்திருக்குமே?

பியர் தேடினது கடைசியில் அவனுக்கு 1812-ல் கிடைக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்த கொட்டகையில், பிளாட்டோன் கராத்தாயெவ் என்ற குடியானவச் சிப்பாய் உருளைக்கிழங்கை நறுக்கி, உப்புத் தூவிக் கொடுக்கிறான். இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று பியருக்குத் தோன்றுகிறது. கண்கட்டு கிடையாது, மூன்று தட்டு கிடையாது.

இதோடு திருந்திவிட்டான் என்று நினைத்தால் பின்னுரையைப் படியுங்கள். 1820. கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து சுகமாக இருக்கிற பியர், பீட்டர்ஸ்பர்க் போய் இன்னொரு சங்கம் சேர்த்துவிட்டு வருகிறான். மைத்துனன் நிக்கோலாய்க்கு முகம் சிவக்கிறது. மேலிடம் உத்தரவிட்டால் படையோடு வந்து உங்களை வெட்டுவேன், யோசிக்கக்கூட மாட்டேன் என்கிறான்.